எச்சிலால் வீடு கட்டும் குகைக் குருவி



பறவைக் கூடு சூப் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் நம் நாட்டில் மிகக் குறைவு. சீன மருந்துக் கடைகளின் கண்ணாடி அலமாரியில், சிவப்புப் பட்டுத் துணி விரித்த பெட்டிக்குள், வெளிறிய பிறை வடிவில் அடுக்கி வைத்திருப்பார்கள். விலையைக் கேட்டவுடன் பலர் ஓர் அடி பின்னால் நகர்ந்து விடுவார்கள். கூட்டின் விலை எல்லாருக்கும் தெரியும். அதைக் கட்டிய பறவையின் பெயரைக் கேட்டால் பெரும்பாலோர் தலையைச் சொறிவார்கள். இன்றைய அங்கம் அந்தப் பறவையைப் பற்றியது.

மலாய் மொழியில் இதனை பூரோங் வாலிட் என்பார்கள். தமிழில் உழவாரன் என்று ஒரு பறவைக் குடும்பம் உண்டு. வாலிட் அந்தக் குடும்பத்தின் சிறிய உறுப்பினர். நம்மவர்கள் பலர் இதையும் தகைவிலான் குருவியையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக் கொள்கிறார்கள். மாலை வேளையில் பட்டணத்து மின்கம்பிகளில் வரிசை வரிசையாக அமர்ந்து, கீழே நிறுத்திய கார்களையெல்லாம் வெள்ளையடிக்கிறதே, அது தகைவிலான். வாலிட் ஒரு நாளும் அப்படிக் கம்பியில் அமராது. அமர முடியாது என்பதே சரி. அதன் கால்கள் அவ்வளவு சிறியவை. கிளையையோ கம்பியையோ பிடித்து உட்காரும் அமைப்பு அதற்கு இல்லை. அது பெற்றிருப்பதெல்லாம் ஊக்கு போன்ற கூரிய நகங்கள்தாம். செங்குத்தான பாறையிலோ சுவரிலோ தொற்றிக்கொள்ள அவை போதும். உழவாரன் குடும்பத்திற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயருக்கே கிரேக்க மொழியில் 'காலில்லாதது' என்று பொருள்.

எனவே இந்தப் பறவைக்கு இரண்டே இடங்கள்தாம் உண்டு. ஒன்று ஆகாயம், மற்றொன்று சுவர். காலையில் குகையை விட்டு வெளியேறினால் மாலை திரும்பும் வரை சிறகுக்கு ஓய்வில்லை. பறக்கும் எறும்பு, ஈசல், சிறு வண்டு, கொசு என்று காற்றில் மிதப்பவற்றையெல்லாம் பறந்தபடியே பிடித்து உண்ணும். தாகம் எடுத்தால் ஆற்று நீரை உரசியபடி பறந்து, அலகால் அள்ளிக்கொண்டு போகும். தவறித் தரையில் விழுந்துவிட்டால் மறுபடி எழும்புவதற்குள் பெரும்பாடு பட்டுவிடும்.

இத்தகைய பறவைகள் பெருங்கூட்டமாக வாழும் இடம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. சபா மாநிலத்தில், சண்டாக்கான் நகருக்குத் தெற்கே, கினாபாத்தாங்கான் வட்டாரத்தில் உள்ள கோமாந்தோங் குகைகள்தாம் அவை. சுண்ணாம்புக் குன்றின் உள்ளே இரண்டு பெரும் குகைகள். கீழே இருப்பது சிமுட் ஹித்தாம், அதாவது கறுப்புக் குகை. மேலே இருப்பது சிமுட் பூத்தே, வெள்ளைக் குகை. குகையின் பாறை நிறத்தைக் கொண்டு இந்தப் பெயர்கள் வந்தன என்று எண்ணிவிட வேண்டாம். எந்தக் குகையில் எந்த நிறக் கூடு அதிகம் கிடைக்கிறதோ, அதை ஒட்டி வந்த பெயர்கள் அவை.

சிமுட் ஹித்தாமின் கூரை ஏறக்குறைய 90 மீட்டர் உயரம். முப்பது மாடிக் கட்டடம் ஒன்றை உள்ளே நிறுத்தி வைக்கலாம். தரையில் குவிந்து கிடக்கும் எச்சத்தின் மேல் கரப்பான் பூச்சிகள் விரிப்பு போல் ஊர்ந்துகொண்டிருக்கும். அங்கே போகிறவர்கள் தொப்பி அணிந்து போவது நல்லது; வாயைத் திறந்தபடி மேலே அண்ணாந்து பார்க்காமல் இருப்பது அதைவிட நல்லது.

மாலை ஐந்து, ஆறு மணிக்கு அந்தக் குகை வாசலில் நின்றால் ஒரு காட்சியைக் காணலாம். தொழிற்சாலையில் பகல் ஷிஃப்டு முடிந்து இரவு ஷிஃப்டு தொடங்குவது போலத்தான். உள்ளேயிருந்து இலட்சக்கணக்கான வௌவால்கள் கரும்புகை போல் சுருண்டு சுருண்டு வெளியேறும். அதே நேரத்தில் வெளியிலிருந்து வாலிட் குருவிகள் வீடு திரும்பும். வெளியே வௌவால் பருந்து காத்திருந்து, கூட்டத்தில் பாய்ந்து தன் இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளும். ஒரே கூரையின் கீழ் இரு குடித்தனங்கள் இடத்தை இப்படி மாற்றிக்கொள்கின்றன.

வௌவால் இருட்டில் பறப்பது எப்படி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஒலி எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு வழி அறிகிறது. ஆனால் வாலிட் ஒரு பறவை. கண்ணை நம்பி வாழும் இனம். கண்ணுக்கெட்டாத இருட்டில், ஈரப் பாறைகளுக்கிடையே, ஆயிரக்கணக்கான கூடுகளில் தன் கூட்டை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அதுவும் ஒலியைத்தான் நம்புகிறது. வெளிச்சம் மங்கும் இடத்திற்கு வந்ததும் வாலிட் 'கிளிக், கிளிக்' என்று ஒலி எழுப்பத் தொடங்கும். சீப்பின் பற்களின் மேல் நகத்தை வேகமாக ஓட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட அந்தச் சத்தம். வௌவாலின் ஒலி மனிதக் காதுக்கு எட்டாத உச்ச சுருதியில் இருப்பது. வாலிட் எழுப்பும் ஒலி நம் காதுக்கு நன்றாகவே கேட்கும். பாறையை நெருங்க நெருங்க 'கிளிக்' வேகமாகும். தூரத்தில் நிதானமாக விசாரித்தபடி வரும் பறவை, கிட்டே வந்ததும் அவசரமாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உலகில் ஏறத்தாழ பத்தாயிரம் பறவை இனங்கள் உள்ளன. அவற்றில் இந்த வித்தை தெரிந்தவை வாலிட் இனங்கள் சிலவும், தென்னமெரிக்கக் குகைகளில் வாழும் எண்ணெய்ப் பறவையும்தாம்.

இதில் ஒரு வரம்பும் உண்டு. வௌவால் எதிரொலியைக் கொண்டே பூச்சியைப் பிடிக்கும். வாலிட்டுக்கு அந்த நுட்பம் கைவரவில்லை. அதன் ஒலி பாறையைக் காட்டும், சுவரைக் காட்டும். பறக்கும் கொசுவைக் காட்டாது. பூச்சி பிடிக்க வெளிச்சமும் கண்ணும் வேண்டும். அதனால்தான் இரவு வேட்டையை வௌவாலுக்கு விட்டுவிட்டு, பகல் வேட்டையைத் தான் வைத்துக்கொண்டிருக்கிறது.

இந்த ஆராய்ச்சியில் நம் நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. 1950-களின் பிற்பாதியில் சரவாக் அரும்பொருளகத்தில் பணியாற்றிய மெட்வே பிரபு என்ற ஆங்கிலேய இளைஞர், நியா குகையின் வாலிட் பறவைகளை ஆராய்ந்தார். எதிரொலியால் இப்பறவைகள் வழி அறிவது குறித்து 1959-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பிற்காலத்தில் கிரான்புரூக் பிரபு என்று அறியப்பட்டவரும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவரும் இவரே. அதே ஆண்டுகளில் இலங்கைக் குகைகளில் வாழும் வாலிட் இனமும் இதே சோதனைக்கு உள்ளானது.

குகைக்குள் எல்லாக் குருவிகளும் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை. வெளிச்சம் படும் வாசல் பகுதியில் வெள்ளை வயிறும் நீலப் பளபளப்பும் கொண்ட ஒரு சிறு குருவி, பாசியும் நாரும் சேர்த்துக் கூடு கட்டும். அதற்கு ஒலி வித்தை தெரியாது. வெளிச்சத்தை விட்டு உள்ளே போகாது. இருட்டுப் பகுதி கறுங்கூட்டு வாலிட்டுக்கும் வெண்கூட்டு வாலிட்டுக்கும் உரியது. கறுங்கூட்டு வாலிட் தன் இறகுகளை எச்சிலில் குழைத்துக் கட்டும். வெண்கூட்டு வாலிட்டுக்கு எச்சில் ஒன்றே போதும். இறகு பொறுக்கும் வேலை இல்லாத அந்த வெள்ளைக் கூட்டுக்குத்தான் சந்தையில் மதிப்பு.

இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது, ஆண், பெண் இரண்டுக்குமே நாக்கின் அடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் பருக்கத் தொடங்கும். பெரும்பாலும் இரவில்தான் கட்டுமான வேலை நடக்கும். பாறையில் தொற்றியபடி, தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டி, எச்சில் இழையைப் பாறையில் ஒட்டும். முதலில் குதிரை லாடம் போல் ஒரு கோடு விழும். காற்றுப் பட்டு அது இறுகிய பின் அதன் மேல் மறு இழை. இப்படி ஒரு மாதத்திற்கு மேல் உழைத்தால் பாதிக் கிண்ணம் போன்ற கூடு ஒன்று உருவாகும். பறவையின் எடை 15 கிராம் அளவு. உலர்ந்த கூடு ஏழெட்டு கிராம். தன் உடம்பில் பாதி எடைக்கு எச்சிலை வடித்து வீடு கட்டும் உயிரினம் வேறு எது?

இவ்வளவு எளிய உண்மையைக்கூட மனிதர்கள் நம்பத் தயங்கினார்கள். பறவை கடல் நுரையைப் பொறுக்கி வருகிறது, கடற்பாசியைத் தின்று கக்குகிறது என்றெல்லாம் கதை கட்டினார்கள். வெண்கூட்டு வாலிட்டின் இலத்தீன் பெயருக்கு இன்றும் 'கடற்பாசி உண்பது' என்றுதான் பொருள். அது வாழ்நாளில் கடற்பாசியைத் தொட்டதில்லை. இன்னொரு வேடிக்கை: சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் 'உண்ணத்தக்கது' என்று பெயர் சூட்டியது வாசலில் பாசிக் கூடு கட்டும் குருவியின் இனத்திற்கு! யாரும் அந்தக் கூட்டைச் சூப்பில் போடுவதில்லை. கூடு ஒருவருடையது, பட்டம் வேறொருவருக்கு. மனிதர்களிடையே மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைத்திருப்போம்.

இந்தக் கதைகளில் மிகவும் பரவியது இரத்தக் கூட்டுக் கதை. முதல் கூட்டைத் திருடினால் பறவை இரண்டாவது கட்டும். அதையும் திருடினால் எச்சில் தீர்ந்து, இரத்தத்தைக் கக்கி மூன்றாவது கூட்டைக் கட்டும். அதுதான் சிவப்புக் கூடு என்பார்கள். கேட்பவர் மனம் உருகும். உருகிய மனத்தோடே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்! உண்மையில் சிவப்புக்கும் இரத்தத்திற்கும் தொடர்பில்லை. எச்சத்திலிருந்து எழும் நைட்ரஜன் சார்ந்த ஆவி, கூட்டின் புரதத்தோடு வினைபுரிந்து அதைச் சிவப்பாக்குகிறது என்று சிங்கப்பூர் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் விளக்கினார்கள். வெள்ளைக் கூட்டையே அப்படிச் சிவக்க வைக்கலாம். 2011-இல் சிவப்புக் கூடுகளில் நைட்ரைட் அளவுக்கு மேல் இருப்பதைக் கண்டு சீனா இறக்குமதியை நிறுத்தியபோது, நம் நாட்டுக் கூடு வியாபாரமே முடங்கிப் போனது. இரத்தக் கதைக்குக் கொடுத்த விலை அது.

ஆனால் அந்தக் கட்டுக்கதையில் பாதி உண்மை. கூட்டை எடுத்துவிட்டால் வாலிட் மறுபடி கட்டும் என்பது மெய். அதுவும் வேறு இடம் தேடிப் போகாது. அதே குகையில், அதே சுவரில், அதே இடத்தில் கட்டும். ஒருமுறை இடம் பிடித்த இணை ஆண்டு தோறும் அங்கேயே திரும்பி வரும். கூடு இல்லாத காலத்திலும் இரவில் அந்த இடத்தில்தான் தொற்றிக்கொண்டு தூங்கும். இடத்தை விடாத இந்தப் பிடிவாதம்தான் மனிதனுக்குக் கிடைத்த வசதி. பறவையைத் தேடி அலைய வேண்டாம். ஏணியைப் போட்டால் போதும். அதே பிடிவாதம்தான் பறவைக்கு ஆபத்தும்.

கறுங்கூட்டு வாலிட் இடுவது ஒரே ஒரு முட்டை. வெண்கூட்டு வாலிட் இரண்டு இடும். மூன்று வாரத்திற்கு மேல் அடைகாக்க வேண்டும். குஞ்சு பொரித்த பின் பெற்றோர் இரண்டும் பிடித்த பூச்சிகளைத் தொண்டையில் உருண்டையாகத் திரட்டி வந்து ஊட்டும். குஞ்சு பறக்க ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும். கூடு கட்டுவதில் தொடங்கிக் கணக்கிட்டால் ஒரு பிள்ளையை ஆளாக்க மூன்று மாதத்திற்கு மேல் வேண்டும். கறுங்கூட்டு வாலிட்டுக்கு இன்னும் அதிகம். இதற்கிடையில் ஒருவர் கூட்டைச் சுரண்டினால் முட்டை கீழே விழும். குஞ்சாக இருந்தாலும் அதே கதிதான். கீழே காத்திருக்கும் பூச்சிகளுக்கு அதன் பிறகு வேலை அதிகம் இல்லை.

ஆகவே எப்போது எடுப்பது என்பதுதான் கேள்வி. கோமாந்தோங்கில் இதற்கு ஒரு முறை உண்டு. கூடு எடுப்பதை ஒழுங்குபடுத்த அன்றைய வட போர்னியோ அரசு 1914-லேயே சட்டம் இயற்றியது. இப்போது 1997-ஆம் ஆண்டின் சபா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. முதல் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில், முட்டை இடுவதற்கு முன். பறவை மறுபடி கட்டும். அந்தக் கூட்டை யாரும் தொடக்கூடாது. முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, குஞ்சு பறந்து போன பிறகு, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் இரண்டாவது அறுவடை. முதல் கூடு மனிதனுக்கு. இரண்டாவது கூடு முதலில் பறவைக்கு, பிறகு மனிதனுக்கு. இதன் சூட்சுமம் பறவையின் பழக்கத்தை அறிந்ததில்தான் இருக்கிறது.

அறுவடை என்ற சொல் எளிதாக இருக்கிறது. வேலை அப்படியல்ல. கூரையிலிருந்து தொங்கும் பிரம்பு ஏணிகளில், அத்தனை உயரத்தில், கீழே வலை இல்லாமல் ஆட்கள் ஏறுவார்கள். தலையில் விளக்கு, கையில் நீண்ட கழி. அப்பன் ஏறியதைப் பார்த்து மகன் ஏறக் கற்றது. நியா குகையில் பெலியான் மரக் கம்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி ஏறுவது வழக்கம். அறுவடை முடிந்தாலும் ஆட்கள் வீட்டுக்குப் போய்விட முடியாது. குகையிலேயே குடிசை போட்டு இரவு பகலாகக் காவல் காக்க வேண்டும். திருடனுக்கு பிப்ரவரியும் கிடையாது, ஜூலையும் கிடையாது.

காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நியா சாட்சி. மெட்வேயின் காலத்தில் அங்கே ஏறத்தாழ பதினைந்து இலட்சம் கறுங்கூட்டு வாலிட்டுகள் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. விலை ஏறியது, காலம் பாராமல் சுரண்டினார்கள், அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அதில் ஒரு சிறு பங்குதான் மிஞ்சியது. 40,000 ஆண்டுகளுக்கு முந்திய மனித மண்டை ஓடு 1958-இல் கிடைத்ததும் நியாவில்தான். 2024-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. மனிதன் அங்கே குடியேறிய கதைக்குப் பட்டயம் கிடைத்துவிட்டது. பறவைகள் இன்னும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

சரிந்தது மீளவே மீளாதா? அந்தமானில் நடந்ததைக் கேளுங்கள். கோயம்புத்தூர் அருகே ஆனைக்கட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. அதன் ஆய்வாளர் ரவி சங்கரன் 1990-களில் அந்தமான் நிக்கோபார் தீவுகளின் குகைகளுக்குள் ஏறி இறங்கிக் கணக்கெடுத்தார். சில ஆண்டுகளுக்குள்ளேயே வெண்கூட்டு வாலிட்டுகள் 80 விழுக்காடு அளவுக்குக் குறைந்துவிட்டதைக் கண்டார். தடை போட்டுப் பயனில்லை என்பது அவருக்குப் புரிந்தது. வனத்துறையோடு சேர்ந்து, கூடு எடுத்துப் பிழைத்தவர்களையே சம்பளம் கொடுத்துக் குகைக் காவலர்களாக நியமிக்கச் செய்தார். எந்தப் பொந்தில் எத்தனை கூடு இருக்கிறது என்பது அவர்களைவிட யாருக்குத் தெரியும்? காவல் இருந்த குகைகளில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ரவி சங்கரன் 2009-இல் காலமானார். குகைக் காவல் அவரோடு முடியவில்லை.

"இப்போது கட்டடங்களிலேயே வாலிட் வளர்க்கிறார்களே, குகையை ஏன் நினைக்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். சன்னல்களை அடைத்து, உள்ளே ஈரமும் இருட்டும் உண்டாக்கி, பறவைக் குரலை ஒலிபெருக்கியில் போட்டு அழைக்கும் கட்டடங்களை சித்தியவானிலும் இன்னும் பல ஊர்களிலும் காணலாம். ஜோர்ஜ்டவுன் பழைய கடைவீடுகளில் இது பெருகி, அண்டை வீட்டார் சத்தம் தாங்காமல் முறையிட்டு, 2013 இறுதிக்குள் பாரம்பரியப் பகுதியிலிருந்து காலி செய்ய வேண்டும் என்று பினாங்கு அரசு கெடு வைத்தது பலருக்கு நினைவிருக்கும். உண்மையில் அந்தக் கட்டடம் சிமெண்டில் செய்த குகைதான். ஒலியைக் கேட்டு வருவது பெரும்பாலும் இடம் தேடும் இளம் பறவைகள். ஏற்கெனவே இடம் பிடித்த மூத்த இணை எந்த ஒலிபெருக்கிக்கும் மயங்கிக் குடி பெயராது. மேலும் இந்தக் கட்டடங்களில் குடியேறுவது வெண்கூட்டு வாலிட். கறுங்கூட்டு வாலிட்டுக்குப் பெரும்பாலும் குகைதான் கதி. கட்டடமானாலும் குகையானாலும் இன்னொன்று வேண்டும்: பூச்சி. அதைக் கூண்டில் வைத்துத் தீனி போட முடியாது. சுற்றிலும் காடும் ஆறும் இருந்தால்தான் வானில் பூச்சி இருக்கும். கினாபாத்தாங்கானில் காடு இருந்த இடங்களில் இன்று செம்பனை வரிசை வரிசையாக நிற்கிறது.

கோமாந்தோங்கில் முதல் அறுவடை முடிந்த அன்று மாலையும் வௌவால்கள் வழக்கம்போல் வெளியேறும். வாலிட் 'கிளிக், கிளிக்' என்று விசாரித்தபடி உள்ளே வரும். காலையில் விட்டுச் சென்ற கூடு இருக்காது; சுரண்டிய தடம் மட்டும் இருக்கும். அந்த இடத்திலேயே நகத்தை ஊன்றித் தொற்றிக்கொள்ளும். சில நாளில் தலையை இடமும் வலமும் ஆட்டத் தொடங்கும்.